பீப்பாய்க்கு 2 டாலர் கூலி என்றால் யார் கவனமாக எடுப்பார்கள்? எண்ணெய் ஒப்பந்தம் பற்றி ஒரு சந்தேகம்

நிலவன் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். பொருளியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எண்ணெய் ஒப்பந்தங்கள் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

2009இல் ஈராக் நடத்திய ஏலத்தைப் பற்றிப் படித்தேன். ருமைலா எண்ணெய் வயலுக்கு பிரிட்டனின் பிபியும் சீனாவின் சிஎன்பிசியும் சேர்ந்து பீப்பாய்க்கு 3.99 டாலர் கட்டணம் கேட்டன. அமெரிக்காவின் எக்ஸான் தலைமையில் வந்த குழு 4.80 டாலர் கேட்டது. அமைச்சகம் 2 டாலர்தான் தருவோம் என்றது. எக்ஸான் விலகிக்கொண்டது, பிபி குழு சரி என்றது. செலவு திரும்பக் கிடைத்துவிடும். அதற்கு மேல், கூடுதலாக எடுக்கும் பீப்பாய் ஒவ்வொன்றுக்கும் 2 டாலர். எண்ணெய் விலை 30க்கு விழுந்தாலும் 110க்கு ஏறினாலும் அதே 2 டாலர்தான்.

வேறு நாடுகளில் கம்பெனிக்கு எண்ணெயிலேயே பங்கு. இன்னும் சில நாடுகளில் எடுப்பதெல்லாம் கம்பெனிக்கு, அரசுக்கு ராயல்டியும் வரியும்.

என் சந்தேகம் இதுதான். பாறை அதே பாறை, பம்பு அதே பம்பு, பொறியாளர்களும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். காகிதத்தில் பங்கு விகிதம் மாறினால் கிணற்றடியில் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? யாருக்கு எவ்வளவு பணம் என்பது மட்டும்தானே மாறும்? புத்தகங்களில் ‘ஊக்கம்’, ‘ஊக்கம்’ என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒருவர் ஒரு வால்வைத் திறப்பதற்கும் அந்த ஊக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று எதிலும் இல்லை. வயலில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

பழைய_கிணறு:

நிலவன் தம்பி, நான் 31 வருடம் உற்பத்திப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூன்று நாடுகள், மூன்று வகை ஒப்பந்தம். மாறும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘உற்பத்தித் திறன்’ என்று எங்கள் தொழிலில் சொல்வதற்கு ஒரு குறிப்பான பொருள் உண்டு. எல்லாக் கிணறும், எல்லா இயந்திரமும் ஒழுங்காக ஓடினால் ஒரு வருடத்தில் எவ்வளவு எடுக்கலாமோ, அதில் எத்தனை சதவீதம் உண்மையில் எடுத்தோம் என்பதே அது. பிரிட்டனின் வட கடல் பகுதியில் இந்தக் கணக்கு 80 சதவீதம் அளவில் இருந்தது. பத்து வருடத்துக்குள், 2012இல், 60க்கு வந்துவிட்டது. 2014இல் பிரிட்டன் அரசுக்காக சர் இயன் வுட் கொடுத்த அறிக்கையில் இது முக்கியமான புகார். ஐந்தில் நான்கு பங்கு ஓடியது ஐந்தில் மூன்றாகக் குறைந்தால் நடுவே போனது எவ்வளவு என்று யோசியுங்கள். இது ஒரு கணக்கு. இன்னொன்று மீட்பு விகிதம்: பாறைக்குள் இருக்கும் மொத்த எண்ணெயில் கடைசிவரை எவ்வளவு வெளியே வருகிறது என்பது. முதலாவது இன்றைய விஷயம், இரண்டாவது முப்பது வருட விஷயம். ஒப்பந்தம் இரண்டையும் தொடும், ஆனால் வேறு வேறு வழியில். கட்டுரையில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட வால்வுக்கு வருகிறேன்.

எந்த நாடு, எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம், அதாவது செலவைக் கழித்த பிறகு எண்ணெயை அரசும் கம்பெனியும் பிரித்துக்கொள்வது. எங்கள் வயலில் 14ஆம் நம்பர் கிணற்றில் தரைக்கு 1,900 மீட்டர் கீழே ஒரு மின்பம்பு. நாளுக்கு 900 பீப்பாய் தந்துகொண்டிருந்த கிணறு. அந்தக் காலத்தில் பம்பு இழுக்கும் ஆம்பியரை வட்டமான காகிதத்தில் ஒரு பேனா கோடு போட்டுக்கொண்டே போகும். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கோடு இரவு இரண்டே முக்காலுக்கு நேராகக் கீழே இறங்கி நின்றிருக்கிறது. கேபிளில் மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்தோம், பூஜ்யம். மோட்டார் எரிந்துவிட்டது. எப்போதாவது நடப்பதுதான். பழையதை வெளியே இழுத்து, புதுப் பம்பை இறக்கி ஓடவிட ஒரு வாரம் போதும்.

112 நாள் ஆயிற்று.

ஏன் என்று சொல்கிறேன். ஒப்பந்தப்படி ஒரு லட்சம் டாலருக்கு மேல் எதை வாங்கினாலும் டெண்டர் விட்டு, மூன்று விலைப்புள்ளியாவது வாங்கி, அரசுத் தரப்பும் உட்காரும் மேலாண்மைக் குழுவில் ஒப்புதல் பெற வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செலவு திரும்பக் கிடைக்காது. பம்பும், அதை இறக்கும் ரிக் என்ற இயந்திரக் கோபுரத்தின் செலவும் சேர்த்து 2.4 லட்சம் டாலர். குழு கூடுவது மூன்று மாதத்துக்கு ஒரு முறை. சரி, கிடங்கில் ஒரு உதிரி பம்பு வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கிணற்றில் இறக்கிப் பயன்படுத்திய பிறகுதான் பொருளின் விலையைச் செலவுக் கணக்கில் சேர்க்கலாம் என்று கணக்கு விதி. கிடங்கில் சும்மா இருக்கும் பம்பு கம்பெனியின் சொந்தப் பணம். அதனால் தலைமை அலுவலகம் உதிரி வைக்க விடவில்லை.

அப்போது எண்ணெய் விலை 18 டாலர் அருகில். செலவெல்லாம் கழிந்த பிறகு எங்கள் கம்பெனிக்கு வந்த பங்கு 10 சதவீதம். 900 பீப்பாயில் 90. நாளுக்கு 1,620 டாலர். 112 நாளுக்கு 1.81 லட்சம். ஒப்புதல் இல்லாமல் அன்றே பம்பு வாங்கியிருந்தால், பிற்பாடு தணிக்கையில் வெட்டப்படும் ஆபத்து 2.4 லட்சம். மேலாளர் இந்தக் கணக்கை என் முன்னால்தான் போட்டார். “காத்திருப்போம், எண்ணெய் எங்கே ஓடிவிடப் போகிறது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்த காகிதம் அவரைக் காத்திருக்கச் சொன்னது. அந்த நாட்டுக்கு மட்டும் நாளுக்கு 14,580 டாலர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அதே நாட்டின் அதிகாரிகள் உட்கார்ந்த குழுதான் கூடவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் தம்பி. மொத்தத்தில் அரசுக்கு எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு என்பதைப் பார்த்தால் கிணற்றடி புரியாது. இன்று இந்தப் பம்பை மாற்றும் ஆளுக்கு, அடுத்த ஒரு டாலர் செலவில் எத்தனை சென்ட் அவனுடையது, அடுத்த ஒரு பீப்பாயில் எவ்வளவு அவனுடையது, ஒப்பந்தம் முடிய இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று பாருங்கள். வால்வைத் திருப்புவது அந்தக் கணக்குதான்.

---

தணிக்கை_தாமரை:

ஐயா சொன்ன பம்புக் கதையில் நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். அரசுத் தரப்பில் செலவு மீட்புத் தணிக்கை செய்திருக்கிறேன். அதனால் எங்கள் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஒப்புதல் விதிகளை நாங்கள் வேலை வெட்டியில்லாமல் எழுதவில்லை. செலவு முழுவதும் திரும்பக் கிடைக்கும் ஒப்பந்தத்தில் கம்பெனி ஒரு டாலர் மிச்சம் பிடித்தால் அந்த டாலர் லாபக் கணக்குக்குப் போகும். அங்கே அரசும் கம்பெனியும் பிரித்துக்கொள்ளும். இந்தோனேசியா 1976இல் கொண்டுவந்த 85:15 விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டாலர் மிச்சம் பிடித்தால் கம்பெனிக்கு 15 சென்ட், அரசுக்கு 85 சென்ட். ஒரு டாலர் கூடுதலாகச் செலவழித்தாலும் வலி 15 சென்ட்தான். இதில் யார் சிக்கனம் பார்ப்பார்கள்? அதனால்தான் ஒவ்வொரு ரசீதையும் நாங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.

இது எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு சகாலின்-2 என்ற கடல் எண்ணெய், எரிவாயுத் திட்டம் போதும். ரஷ்யா 1994இல் போட்ட உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம். 6 சதவீத ராயல்டி தவிர, கம்பெனிகள் தங்கள் செலவை எல்லாம் எடுத்து, அதற்கு மேல் 17.5 சதவீத வருமான விகிதமும் பார்த்த பிறகுதான் அரசுக்கு லாபப் பங்கு தொடங்கும். 2005இல் திட்டச் செலவு 10 பில்லியனிலிருந்து 20 பில்லியன் டாலர் ஆகும் என்று அறிவித்தார்கள். அதற்கு என்ன பொருள்? அரசின் பங்கு பல வருடம் பின்னால் தள்ளிப் போகிறது. பெரிய தகராறாகி, 2006 டிசம்பரில் ரஷ்ய அரசின் காஸ்ப்ரோம் பாதிக்கு மேல் பங்கை வாங்கிக்கொண்டது. செலவு ஏறியதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் நிறையவே இருந்தன, உறைபனிக் கடல் சாதாரண இடமில்லை. ஆனால் செலவு ஏறினால் யாருக்கு நோகும் என்று அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

இந்தியாவிலும் இதே வாதம் நடந்தது, நிலவன் கட்டுரைக்குக் கட்டாயம் உதவும். 1999 முதல் வந்த நெல்ப் (புதிய ஆய்வு உரிமக் கொள்கை) ஒப்பந்தங்களில் அரசின் லாபப் பங்கு ‘முதலீட்டு மடங்கு’ என்ற ஒன்றைப் பொறுத்தது. போட்ட முதலீட்டைப் போல எத்தனை மடங்கு வருமானம் வந்திருக்கிறது என்பதே அந்த மடங்கு. மடங்கு ஏற ஏற அரசின் பங்கு ஏறும். அப்படியானால் மடங்கு அடுத்த படியைத் தொடும் நேரத்தில் கம்பெனி இன்னும் கொஞ்சம் முதல் போட்டால் என்ன ஆகும்? மடங்கு கீழேயே நிற்கும், அரசின் பங்கும் கீழேயே நிற்கும். முதலீட்டைக் குறைக்க இந்த அமைப்பு போதிய ஊக்கம் தரவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2011 அறிக்கையிலேயே சுட்டிக்காட்டினார். 2012இல் அரசு அமைத்த ரங்கராஜன் குழு செலவு மீட்பையே விட்டுவிட்டு மொத்த வருவாயில் பங்கு வைக்கலாம் என்றது. 2014இல் கேல்கர் குழு, வேண்டாம், பழைய முறையே இருக்கட்டும் என்றது. நெல்ப்புக்குப் பதிலாக 2016 மார்ச்சில் வந்த ஹெல்ப் கொள்கை வருவாய்ப் பங்கு முறையைத் தேர்ந்தெடுத்தது.

வருவாய்ப் பங்கில் பம்பு வாங்க யாரிடமும் கேட்க வேண்டாம். மிச்சம் பிடிக்கும் டாலர் முழுவதும் கம்பெனிக்கு. ஐயாவின் 112 நாள் அங்கே நடக்காது. இந்த இடத்தில் நான் என் பழைய துறைக்கு எதிராகவே பேசுகிறேன்: ரசீது பார்ப்பதில் நாங்கள் காப்பாற்றிய பணத்தைவிட, காத்திருந்ததில் போனது அதிகமாக இருந்த வயல்களும் உண்டு.

---

பழைய_கிணறு:

தாமரை அம்மா, நேர்மையாகச் சொல்லியிருக்கிறீர்கள், மிக்க நன்றி. ஆனால் வருவாய்ப் பங்கு முறையை அப்படியே விட்டுவிட முடியாது. அதன் வலி கிணறு வயதாகும்போதுதான் தெரியும்.

ஒரு கிணற்றிலிருந்து ஒரு நாளில் 100 டாலருக்கு எண்ணெய் வருகிறது என்று வையுங்கள். எடுக்க ஆகும் செலவு 70. வருவாயில் அரசுக்கு 40 சதவீதம் என்றால் கம்பெனி கையில் 60. செலவோ 70. கம்பெனி அன்றே கிணற்றை மூடிவிடும். ஆனால் அந்தக் கிணறு இன்னும் நாளுக்கு 30 டாலர் உண்மையான லாபம் தருகிற கிணறு! ராயல்டி அதிகமான இடங்களிலும் இதே கதைதான். கிணறு வயதாக ஆக தண்ணீர் கூடும், தண்ணீரைப் பிரிக்கும் செலவும் திரும்ப உள்ளே செலுத்தும் செலவும் ஏறும். அந்த வயதில் மொத்த வருவாயிலிருந்து எடுக்கும் பங்கு கிணற்றின் கழுத்தைப் பிடிக்கும். ஒருமுறை சிமென்ட் ஊற்றி மூடிய கிணற்றை யாரும் திறப்பதில்லை. உள்ளே இருந்தது உள்ளேயே.

இந்தோனேசியாவையே பாருங்கள். 2017இல் செலவு மீட்பை விட்டு மொத்தத்தில் பங்கு என்று மாற்றினார்கள். எண்ணெய்க்கு அடிப்படை விகிதம் அரசுக்கு 57, கம்பெனிக்கு 43. வயல் கடினமாக இருந்தால் கம்பெனிக்குக் கொஞ்சம் கூட்டித் தருவார்கள். 2020இல் மறுபடி, இரண்டில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். நான் பார்த்தவரை, புது வயலுக்கும் சாகப்போகிற வயலுக்கும் ஒரே அளவு சட்டை பொருந்துவதில்லை.

---

நிலவன்:

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி. 100, 70, 40 உதாரணத்தைக் கட்டுரையில் பயன்படுத்திக்கொள்ளட்டுமா?

இன்னொன்று கேட்க வேண்டும். அப்படியானால் ஈராக்கின் 2 டாலர் முறை எங்கே நிற்கிறது? செலவும் திரும்பக் கிடைக்கிறது, பீப்பாய்க்கும் காசு. அடுத்த பீப்பாயில் கம்பெனிக்கு ஆர்வம் இருக்கத்தானே வேண்டும்?

---

ரிக்_முத்து:

நடுவில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அரசுக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தத்தை மட்டும் பார்க்காதீர்கள் தம்பி. கம்பெனிக்கும் ரிக் வைத்திருப்பவருக்கும் உள்ள ஒப்பந்தமும் கிணற்றை மாற்றும். நான் டிரில்லர். நாள் வாடகையில் ஓடிய ரிக்கிலும் இருந்திருக்கிறேன், மீட்டர் கணக்கில் ஓடிய ரிக்கிலும் இருந்திருக்கிறேன்.

நாள் வாடகை என்றால் துளையிடும் வேகத்தில் முதலாளிக்கு அவசரம் இல்லை. பழுதான பம்பைச் சாவகாசமாகப் பார்க்கலாம், வாடகை ஓடிக்கொண்டிருக்கும். மீட்டர் கணக்கு வந்ததும் எல்லோர் காலிலும் சக்கரம். துளையைக் கழுவ மண்குழம்பைச் சுற்றவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிய இடத்தில் அரை மணியில் தோண்டத் தொடங்கிவிடுவார்கள். ஒருமுறை அப்படித்தான் கழிவுத் துகள் அடியில் தங்கி, குழாய் 2,300 மீட்டரில் சிக்கியது. ஒன்பது நாள் இழுத்தோம், வரவில்லை. கடைசியில் வெட்டிவிட்டு, பக்கவாட்டில் புதிதாகத் தோண்டினோம். வேகமாக முடித்த கிணறுகளில் சிமென்ட் சரியாக உட்காராமல் பின்னால் தண்ணீர் ஏறியதும் உண்டு. அந்தத் தண்ணீருக்கு மீட்டர் கணக்கில் யாரும் பிடித்தம் செய்யவில்லை.

நான் பார்த்ததில் ஒழுங்காக ஓடியது இந்த ஏற்பாடுதான்: நாள் வாடகை, ரிக் பழுதாகி நின்றால் அந்த நேரத்துக்கு வாடகை கிடையாது, சிமென்ட் சோதனை தேறினால் மட்டும் குழுவுக்குப் போனஸ்.

---

பழைய_கிணறு:

முத்து சொன்ன சிமென்ட் சோதனைப் போனஸ் நல்ல ஏற்பாடு. எந்த வேலையின் பலன் பத்து வருடம் கழித்துத் தெரியுமோ, அதற்கு இன்றே ஒரு அளவுகோல் வைத்துப் பணம் கொடுக்கிறார்கள். நிலவன், உதாரணத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈராக்குக்கு வருவோம். 2 டாலர் என்பது கைக்கு வரும் காசு இல்லை. தொடக்கத்தில் ருமைலாவில் அரசுப் பங்காளிக்கு 25 சதவீதம், மீதி 1.50இல் 35 சதவீத வரி. கையில் நிற்பது சுமார் 97 சென்ட். கம்பெனி போட்ட செலவைவிட வாங்கிய பணம் கூடக் கூட, கட்டணமும் படிப்படியாக இறங்கும், கடைசிப் படியில் முதல் கட்டணத்தில் 30 சதவீதத்துக்கே வந்துவிடும். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். செலவை மிச்சம் பிடித்தால் வாங்கிய பணத்துக்கும் போட்ட செலவுக்கும் உள்ள விகிதம் சீக்கிரம் ஏறும், கட்டணம் சீக்கிரம் இறங்கும். சிக்கனத்துக்குப் பரிசு இல்லை, கொஞ்சம் தண்டனையே இருக்கிறது.

அதைவிடப் பெரிய கோளாறு ஏலத்திலேயே இருந்தது. குறைந்த கட்டணம் கேட்பவருக்கும், அதிக உச்ச உற்பத்தி தருவதாகச் சொல்பவருக்கும் மதிப்பெண். அதனால் எல்லோரும் உச்சத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ருமைலாவுக்கு நாளுக்கு 28.5 லட்சம் பீப்பாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு எடுக்க வேண்டுமென்றால் பாறையின் அழுத்தம் குறையாமல் இருக்க ஏராளமான தண்ணீர் செலுத்த வேண்டும். அத்தனை வயலுக்கும் கடல்நீர் கொண்டுவரும் பொதுத் திட்டம் ஒப்பந்தங்களுக்கு வெளியே இருந்தது, வருடக்கணக்கில் இழுத்தடித்தது. எனக்கு இது நன்றாகப் புரியும். யாருடைய ஒப்பந்தத்திலும் இல்லாத குழாயை யாரும் போடுவதில்லை. கடைசியில் 2014இல் ருமைலாவின் உச்சத்தை 21 லட்சமாகக் குறைத்தார்கள். மேற்கு குர்னா-2, ஜுபைர் என்ற வேறு இரண்டு ஈராக் வயல்களின் இலக்குகளையும் வெட்டினார்கள்.

விலை விழுந்தபோது இன்னொரு சிக்கல். கம்பெனியின் செலவு டாலரில், அரசு அதைக் கொடுப்பது எண்ணெயில். விலை பாதியானால் அதே செலவுக்கு இரண்டு மடங்கு பீப்பாய் கொடுக்க வேண்டும். 2014க்குப் பிறகு செலவைக் குறைக்கச் சொல்லி அரசே கம்பெனிகளைக் கேட்க வேண்டிவந்தது. பராமரிப்பும் புதுக் கிணறும் அதில்தான் முதலில் அடிபடும்.

ஆனால் அந்த முறை முழுத் தோல்வி என்றும் எழுதிவிடாதீர்கள். ருமைலா நாளுக்கு சுமார் 10.7 லட்சம் பீப்பாயிலிருந்து 14 லட்சத்தைத் தாண்டியது. போரிலும் தடையிலும் சிதைந்து கிடந்த வயலில் கிணறுகளைப் பழுது பார்த்து, பம்பு இறக்கி, தண்ணீர் செலுத்தியதால் வந்த பலன் அது. சுலபமான வேலை நிறைய மிச்சம் இருக்கும் இடத்தில் பீப்பாய்க் கட்டணம் நன்றாகவே வேலை செய்யும். வேலை கடினமாகும்போதுதான் 97 சென்ட் போதாமல் போகிறது. 2018இல் மஜ்னூன் வயலை விட்டு ஷெல் வெளியேறியது, பின்னால் மேற்கு குர்னா-1ஐ விட்டு எக்ஸானும் போனது. ஈராக்கும் 2018 ஏலத்திலிருந்து லாபப் பங்கு பக்கம் நகர்ந்துவிட்டது.

---

நிலவன்:

ஐயா, முதல் பதிலில் ‘இன்னும் எத்தனை வருடம்’ என்று சொன்னீர்கள். அதை மட்டும் விளக்கவில்லை.

---

பழைய_கிணறு:

அதை எழுதத்தான் தயங்கினேன். என் வேலை வாழ்க்கையில் மனதில் தங்கிவிட்ட தவறு அதில்தான் இருக்கிறது.

வேறொரு நாடு, வேறு கம்பெனி. ஒப்பந்தம் முடிய இரண்டு வருடம். நீட்டிப்பு கேட்டு விண்ணப்பித்து ஒன்றரை வருடமாகப் பதில் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது: இந்த ஆறு கிணறுகளின் சோக்கைப் பெரிதாக்கவும். கிணற்றின் வாயில் எண்ணெய் வரும் துளையின் அளவு அது, அங்குலத்தில் 64இல் ஒரு பங்காக அளப்போம். 32/64இல் ஓடிய கிணற்றை 48/64க்குத் திறக்கச் சொன்னார்கள். அடியில் தண்ணீர் படுத்திருக்கும் பாறை அது. மெதுவாக எடுத்தால் தண்ணீர் மட்டம் சமமாக ஏறும். அவசரமாக இழுத்தால் கிணற்றுக்கு நேர் கீழே தண்ணீர் கூம்பு போலக் குவிந்து ஏறிவிடும். ஏறிய கூம்பு சோக்கைத் திரும்பச் சிறிதாக்கினாலும் பழையபடி இறங்காது.

முதல் மாதம் உற்பத்தி எகிறியது. எல்லோரும் பாராட்டினார்கள். தினமும் காலையில் கண்ணாடிக் குப்பியில் மாதிரி எடுத்து, குலுக்கி, வெயிலில் வைப்போம். மேலே கறுப்பு, கீழே தண்ணீர். திறந்தபோது அடியில் ஒரு விரல் அகலம்கூட இல்லை, 8 சதவீதம். ஏழு மாதத்தில் குப்பியில் பாதிக்கு மேல் தண்ணீர், 55 சதவீதம். பதிவேட்டில் என் கையெழுத்துதான் இருக்கிறது. கம்பெனியின் கணக்கில் அது சரியான முடிவு, இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கிணறு அவர்களுடையது இல்லை. பாறையின் கணக்கில் அது பெரும் நாசம்.

ஈரானின் பைபேக் ஒப்பந்தங்களில் இந்தக் குறை அமைப்பிலேயே இருந்தது. 1995இல் பிரான்சின் டோட்டல் கம்பெனிக்குக் கொடுத்த சிரி வயலிலிருந்து தொடங்கிய முறை. கம்பெனி வயலை உருவாக்கி, உற்பத்தியைத் தொடங்கி, தேசிய எண்ணெய்க் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடும். போட்ட முதலும் பேசிய வருமானமும் சில வருடத்தில் திரும்பிவிடும். இருபதாவது வருடம் அந்தப் பாறை எப்படி இருக்கிறது என்பதில் அதற்கு ஒரு காசு சம்பந்தம் இல்லை. ஈரானே இதை உணர்ந்து 2016இல் நீண்ட காலத்துக்கு, பீப்பாய்க் கட்டணத்தோடு கூடிய புது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அந்த முறையில் 2017இல் டோட்டல் தெற்கு பார்ஸ் எரிவாயு வயலின் 11ஆம் கட்டத்துக்கு 20 வருட ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கத் தடையால் 2018இல் வெளியேறிவிட்டது. அதனால் அந்த முறை பலன் தருமா என்று பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

நல்ல உதாரணத்துக்கு அசர்பைஜான். அசேரி-சிராக்-குனாஷ்லி வயலுக்கு 1994இல் போட்ட ஒப்பந்தம் 2024இல் முடிய வேண்டியது. முடிய ஏழு வருடம் இருக்கும்போதே, 2017 செப்டம்பரில், 2049 வரை நீட்டித்தார்கள். 2019இல் சுமார் 6 பில்லியன் டாலரில் கடலில் புது உற்பத்தி மேடை கட்ட முடிவெடுத்தார்கள். 2024இல் அதிலிருந்து எண்ணெய் வந்தது. பழைய ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டிய அதே வருடம்! நீட்டிப்பு இல்லையென்றால் அந்த மேடைக்கு ஒரு போல்ட்கூட வாங்கியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் நார்வேயின் எகோஃபிஸ்க் வயல். தொடக்கத்தில் பாறையில் உள்ளதில் சுமார் 17 சதவீதம் எடுக்கலாம் என்றுதான் திட்டம். 1987 முதல் தண்ணீர் செலுத்தினார்கள். உரிமக் காலம் 2028 வரை இருந்தது. 2022இல் 2048 வரை நீட்டித்தார்கள். இப்போது பாதிக்கு மேல் எடுத்துவிடலாம் என்று எதிர்பார்க்கிறார்கள்.

---

தணிக்கை_தாமரை:

ஐயா, உங்கள் சோக் கதை மனதைப் பிசைகிறது. நார்வே பற்றி ஒரு கேள்வி. அங்கே மொத்த வரி 78 சதவீதம். மிச்சம் பிடிக்கும் டாலரில் கம்பெனிக்கு 22 சென்ட்தான். இந்தோனேசியாவின் 15 சென்ட்டுக்கு அது ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லையே. பிறகு அங்கே ஏன் செலவு தறிகெட்டு ஓடவில்லை?

---

பழைய_கிணறு:

நல்ல கேள்வி அம்மா. ஒவ்வொரு உரிமத்திலும் பல கம்பெனிகள் கூட்டாளிகள். வயலை நடத்துபவர் செலவைக் கூட்டினால் மற்றவர்கள் கையிலிருந்தும் பணம் போகிறது, அவர்களும் பொறியாளர் வைத்திருக்கிறார்கள், கூட்டத்தில் கேள்வி கேட்பார்கள். நடத்துபவரைக் கண்காணிப்பது அவர்களுக்குச் சட்டப்படியே கடமை. பல உரிமங்களில் அரசின் பங்கைப் பார்த்துக்கொள்ளும் பெட்டோரோவும் ஒரு கூட்டாளியாக உட்கார்கிறது. செலவு முடிந்த பிறகு ரசீதைத் தணிக்கை செய்வதற்குப் பதில், செலவு நடக்கும் முன்பே தெரிந்தவர்கள் வாதாடுகிறார்கள். இன்னொன்று, வரி லாபத்தின் மேல்தான். அதனால் நான் சொன்ன 100, 70 கிணறு அங்கே மூடப்படாது. 30 லாபத்தில் 22 சதவீதம், 6.60 டாலர், கம்பெனிக்கு மிஞ்சும்.

---

நிலவன்:

தலை தெளிந்துவிட்டது ஐயா. ஒப்பந்த மாதிரிகள் சிலவற்றைப் பதிவிறக்கி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் இருநூறு பக்கம். எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

---

பழைய_கிணறு:

முன்பக்கத்தில் இருக்கும் பங்கு விகிதத்தை எல்லோரும் படிப்பார்கள். நீங்கள் பின்னாலிருந்து தொடங்குங்கள். கடைசியில் கணக்கு முறை பற்றிய இணைப்பு ஒன்று இருக்கும். அதில் ‘பொருள்களும் கிடங்கும்’ என்ற மாதிரி ஒரு தலைப்பு வரும். வாங்கியவுடன் செலவில் சேர்க்கலாமா, பயன்படுத்திய பிறகா என்று பாருங்கள். அப்புறம் எந்தத் தொகைக்கு மேல் குழு ஒப்புதல் வேண்டும், குழு இத்தனை நாளில் பதில் சொல்லாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அதன்பின் நீட்டிப்பு விதி: விண்ணப்பித்தால் எத்தனை மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு இருக்கிறதா என்று. இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள், எந்த மாதிரியில் 14ஆம் நம்பர் கிணறு ஒரு வாரத்தில் ஓடியிருக்கும் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.